இருபதுக்குக் கீழே

புளியரைக்குளத்திலிருந்து கீழச்செவல்காடு போகும் மினி பஸ்ஸுக்குப் பன்னிரண்டு நிறுத்தங்கள் என்றுதான் பர்மிட்டில் போட்டிருக்கிறது, டிரைவர் இருதயராஜும் பன்னிரண்டு இடத்தில்தான் பிரேக்கை மிதிப்பார், ஆனால் கண்டக்டர் சந்தனமாரியின் கையில் இருக்கும் டிக்கெட் மிஷினில் சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டால் பதிமூன்றாவதாக இன்னொரு நிறுத்தமும் உண்டு என்பது அந்தத் தடத்தில் பஸ் ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. அதை நினைத்து வாயைப் பிளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

மிஷின் சித்திரை மாதம் வந்தது. அதுவரை சந்தனமாரி காகித டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பஸ் முதலாளி தங்கச்செல்வம் அண்ணாச்சி மிஷினைக் கொடுத்தபோது கூடவே ஒரு சட்டத்தையும் கொடுத்தார். அவர் பட்டன் போன் காலத்து ஆள், அந்தக் காலத்தில் பேட்டரியை முழுசாகச் சாகவிட்டு அப்புறம்தான் சார்ஜ் போட வேண்டும் என்று யாரோ சொன்னதை இருபது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தவர், அதனால் வெள்ளிக்கிழமை தோறும் மிஷின் சுழிக்கு வரும்வரை சார்ஜர் பக்கமே போகக் கூடாது என்றார். "மனுசன் வாரம் ஒருநா வயித்தக் காயப்போடுதாம்லா, அது மாதிரிதாம்மா. இந்தச் சவத்துக்கும் ஒரு விரதம் வேணும்" என்றார். சந்தனமாரியும் சரியென்று தலையாட்டினாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, காலை நடையில், தையல்காரர் குருசாமி ஏறினார். வீட்டில் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் கிழிந்த துணியாகக் கிடந்த காலம் அது. எங்கே போகணும் என்று சந்தனமாரி கேட்டதற்கு அவர் பெருமூச்சு விட்டு, "எங்கயாச்சும் இறக்கி விடு தாயி" என்றார். மிஷின் பதினெட்டில் இருந்தது. சந்தனமாரி எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை, மிஷின் தானாகவே கிர்ரென்று ஒரு டிக்கெட்டைத் துப்பியது, அதில் நிறுத்தம் என்ற இடத்தில் "இறக்கம்" என்று அச்சாகியிருந்தது. ஒன்பதாவது நிறுத்தத்துக்கும் பத்தாவது நிறுத்தத்துக்கும் நடுவே, காற்றாலைகள் மட்டும் நிற்கிற செம்மண் பொட்டலில், இருதயராஜ் தன் கால் தானாகப் பிரேக்கை அமுக்குவதைப் பார்த்தார். குருசாமி இறங்கினார். கடைசிப் படியிலிருந்து அவர் கால் தரையைத் தொட்டதும் அந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது.

சந்தனமாரி இரண்டு விசில் கொடுத்தாள், பஸ் கிளம்பியது. வேறென்ன செய்வாள், பின்னால் இருபது பேர் வேலைக்குப் போக வேண்டும்.

மத்தியானம் அண்ணாச்சியின் ஷெட்டில் மிஷினைச் சார்ஜில் போட்டு, நூறு ஏறிய பிறகு மூன்றரை மணி நடைக்கு எடுத்துக்கொண்டு போனபோது, அதே பொட்டலில் குருசாமி கையில் அதே டிக்கெட்டோடு நின்றார். ஏறினார். உள்ளங்கை வெகுநேரம் பேசிய போனைப் போலச் சுட்டது, சட்டையில் நகப்பாலிஷ் வாசம் வந்தது, டிக்கெட்டைக் காட்டும்போது சந்தனமாரியின் விரலில் சுள்ளென்று ஒரு ஷாக் அடித்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. "என்ன இருக்கு அங்க?" என்று பஸ்ஸே கேட்டது. "ஒண்ணுமில்ல. பாதி வெளிச்சம். உக்காந்திருக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ" என்றார் குருசாமி.

சார்ஜும் ஏறுகிறது இறங்குகிறது, ஆளும் ஏறுகிறான் இறங்குகிறான், ரெண்டுக்கும் ஒரே வார்த்தையை வச்சுக்கிட்டா மிஷின் பாவம் என்ன செய்யும் என்று இருதயராஜ் கேட்டார். அந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்திருந்தது, அதற்குமேல் காரணம் தேட யாரும் மெனக்கெடவில்லை.

பிறகு அது ஒரு பழக்கமானது. வெள்ளிக்கிழமை காலையில் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் பஸ் வந்ததும் முதலில் கேட்பது "எத்தன இருக்கு?" என்பதுதான். முப்பது என்றால் அவசரமில்லாதவர்கள் அடுத்த நடைக்குக் காத்திருந்தார்கள், பதினைந்து என்றால் கூட்டம் அலைமோதியது, ஏறி உட்கார்ந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "எங்கயாச்சும்" என்றார்கள், சும்மா சொன்னவர்களுக்கு மிஷின் டிக்கெட் தரவில்லை, நெஞ்சிலிருந்து சொன்னவர்களுக்கு மட்டும் தந்தது. குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டவன் இறங்கினான். பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போன தலைமையாசிரியை இறங்கினாள். பத்து நாள் கல்யாண வேலை பார்த்த ஒரு பெண்ணின் தகப்பன், தாலி கட்டி முடிந்த கையோடு பட்டுவேட்டியோடு வந்து இறங்கினார். சார்ஜ் ஏறியதும் டிக்கெட் வாங்கிய வரிசையிலேயே எல்லோரும் திரும்ப வந்து ஏறினார்கள், முதலில் இறங்கியவர் முதலிலும் கடைசியில் இறங்கியவர் கடைசியிலுமாக, கோயில் வரிசையில் நிற்பது மாதிரி ஒழுங்காக.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறை தெரிந்தது. குருசாமி மூன்றாம் தடவை போய் வந்தபின் இடது எது வலது எது என்று அவருக்குத் தெரியாமல் போனது, புளியரைக்குளத்து ஆண்கள் எல்லாம் பொத்தான் மாறித் தைத்த சட்டையோடு திரிந்தார்கள். தலைமையாசிரியைக்கு உப்பு ருசி போய்விட்டது. காய்கறிக்காரி ஒருத்திக்கு ஏழு என்ற எண் மட்டும் இல்லாமல் போய், ஆறுக்கு அப்புறம் எட்டு என்று எண்ணினாள், தராசு பிடிக்கும்போது அவளிடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே மொபைல் கடை வைத்திருக்கும் மைதீன் பாய் மிஷினை வாங்கி, பின்னால் தட்டிப் பார்த்து, அண்ணாச்சியிடம் நேராகச் சொன்னார். "இது பழைய பேட்டரி இல்ல அண்ணாச்சி, லித்தியம். இத முழுசா இறக்கி இறக்கி ஏத்துனா உள்ளுக்குள்ள செத்துக்கிட்டே வரும். பத்து ஏறுற எடத்துல ஒம்பதுதான் ஏறும், அப்புறம் எட்டு. இருபதுக்குக் கீழ விடாதீங்க, எம்பதுக்கு மேல ஏத்தாதீங்க, இஞ்சின் பக்கத்துல வைக்காதீங்க. வேற ஒண்ணும் வேண்டாம், அது பாட்டுக்குக் கெடக்கும்."

"நான் பாக்காத பேட்டரியா, பாய்?" என்றார் அண்ணாச்சி. விரதம் தொடர்ந்தது. பழைய பேட்டரியில் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்று ஊர்க்காரர்களும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள், இத்தனை இளைப்பாறுதலுக்கு ஒரு ஏழு போனால் என்ன, கொஞ்சம் உப்பு போனால் என்ன.

சந்தனமாரிக்குப் பயம் வந்தது தங்கச்சி முத்துமதியால்தான்.

அம்மா போனபோது மதிக்கு ஒன்பது வயது, சந்தனமாரிக்குப் பத்தொன்பது. தங்கச்சியை வளர்த்துக் கட்டிக் கொடுக்கிற அவசரத்தில் சந்தனமாரி தன் கல்யாணத்தை எங்கேயோ கைமறதியாக வைத்துவிட்டாள். மதி ஆறாவது நிறுத்தத்தில் இருந்தாள், பீடி சுற்றினாள், சுற்றிய பீடியைத் தட்டோடு கொண்டுபோய்ப் பீடிக் கடையில் கொடுக்கத் தினமும் அக்காவின் பஸ்ஸில்தான் ஏறினாள். கல்யாணமாகி ஐந்து வருஷம். மாப்பிள்ளை சவூதியில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்துபோகும் அந்த மனுஷனை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, மதியைத்தான் கேட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் கேட்டார்கள், இறங்கும்போது கேட்டார்கள், பீடி இலையை எண்ணிக் கொடுக்கும்போது கேட்டார்கள். "என்ன மதி, விசேஷம் உண்டா?" அவள் இல்லையென்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத் தினமும் பார்க்க சந்தனமாரிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஆனால் வாயில் விசிலை வைத்துக்கொண்டு யாரைத் திட்ட.

மதி ஆனி மாதத்தில் முதல்முறை "எங்கயாச்சும்" என்றாள். பிறகு அடிக்கடி. திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் சந்தனமாரி அவளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். என் பேர் என்ன, அம்மா பேர் என்ன, ஏழுக்கு முன்னாடி என்ன, உப்பு கரிக்குதா இனிக்குதா, வலது கை எது. மதி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன்க்கா, நீ என்ன பரீட்சையா வைக்க?" என்று சிரித்தாள். சந்தனமாரிக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது. சாப்பிட்டியா, தூங்குனியா, ஏன் முகம் வாடிக் கெடக்கு, குடை எடுத்தியா. தங்கச்சியிடம் அவள் வாழ்நாளெல்லாம் பேசியது கேள்விகள்தான், அவள் பாசம் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. மதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். வளையல் தட்டு கைமாறிக் கைமாறி வந்து, அவளுக்கு முன்னால் நின்று, யாரும் எதுவும் பேசாமல் அவளைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போனது. யாரும் அவளை வைது ஒரு சொல் சொல்லவில்லை. அவள் பந்திக்கு நிற்காமல் ரோட்டுக்கு வந்து பஸ்ஸில் ஏறியபோது மிஷினில் சார்ஜ் ஒன்றுதான் இருந்தது. அதற்குமுன் அன்றைக்கு மூன்று பேர் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

"எங்கட்டி போற?" என்றாள் சந்தனமாரி.

"எங்கயாச்சும்க்கா."

மிஷினை அணைத்துவிட்டிருக்கலாம். கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கலாம். ஆனால் தங்கச்சியின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தபோது, அவள் கொஞ்சநேரம் யாரும் கேட்காத இடத்தில் போய் இருக்கட்டும் என்றே சந்தனமாரிக்குத் தோன்றியது. டிக்கெட் பாதி மங்கலாக வந்தது. காற்றாலைப் பொட்டலில் மதியின் கால் தரையைத் தொட்ட அதே நேரத்தில் மிஷின் கறுத்துப்போனது.

அன்று மத்தியானம் ஷெட்டில் சார்ஜில் கிடந்த மிஷினின் முதுகு மெல்ல மேலே எழும்பியது. அறுபத்திரண்டு ஏறியிருந்தபோது இருதயராஜ்தான் பார்த்து ஒயரைப் பிடுங்கினார். மூடியைக் கழற்றினால் பேட்டரி உப்பிப்போயிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தி, "முழுகாம இருக்குல்லா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றரை மணி நடையில் பொட்டலில் மூன்று பேர் நின்றார்கள், மூன்று பேரும் ஏறினார்கள். நாலாவதாக யாரும் இல்லை. சந்தனமாரி விசில் கொடுக்கவில்லை. பத்து நிமிஷம் பஸ் அங்கேயே நின்றது, காற்றாலையின் நிழல் கூரைமேல் வந்து வந்து போனது, பஸ்ஸுக்குள் ஒருவரும் ஏன் நிற்கிறோம் என்று கேட்கவில்லை.

மைதீன் பாய் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "எக்கா, எம் புத்திய கேட்டா இதுல சார்ஜே ஏத்தக் கூடாது. உப்புன பேட்டரி வெடிச்சிரும், தீப்புடிச்சிரும். தனியா எடுத்துக் கழிச்சுக் கட்டிரணும்."

"உள்ள எந் தங்கச்சி இருக்கா, பாய்."

பாய் மிஷினைக் கையில் திருப்பிப் பார்த்தார். "சும்மா போட்டு வச்சாலும் தானா இறங்கும். சுழிக்குப் போயிட்டா அப்புறம் எந்தச் சார்ஜரும் அத எழுப்பாது" என்றார். பிறகு மணல் நிரப்பிய தொட்டி கொண்டுவரச் சொன்னார்.

அண்ணாச்சி ஓட்டத்துக்குப் புதிய மிஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார், அதை இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வைக்கச் சொல்லி அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், விரதத்தைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசிக் கேட்டவர் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால், வேப்பமர நிழலில், ஆற்றுமணல் நிரப்பிய சிமெண்ட் தொட்டிக்குள் முதுகு திறந்த பழைய மிஷின் கிடந்தது. தினமும் மத்தியானம் ஒரு சின்னச் சார்ஜரில் பத்து நிமிஷம், ஒரே ஒரு எண் ஏறும்வரைக்கும். சந்தனமாரி பக்கத்திலேயே உட்கார்ந்து பேட்டரிமேல் புறங்கையை வைத்துக்கொண்டிருப்பாள், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல. சுட்டால் எடுத்துவிட வேண்டும். அறுபத்துமூன்று. அறுபத்துநான்கு. உள்ளே யாரோ புரண்டு படுப்பது மாதிரி சில நாள் அது விரலுக்குக் கீழே மெதுவாக அசைந்தது.

தடம் முழுக்க அந்த எண்ணைச் சுமந்தது. பஸ் ஏறுகிறவர்கள் இப்போதும் "எத்தன இருக்கு?" என்றார்கள், ஆனால் கேட்கிற குரல் மாறியிருந்தது, அறுபத்தொன்பது என்றால் தலையாட்டி உட்கார்ந்தார்கள், எழுபதானபோது டீக்கடையில் சர்க்கரை கொடுத்தார்கள். ஒருத்தி ஈரத்துணி சுற்றலாம் என்றாள், ஒருத்தி ஐஸ்பெட்டியில் வைக்கலாம் என்றாள், பாய் இருவரையும் விரட்டினார். எழுபத்தாறு ஏறிய அன்று, வளைகாப்பில் தட்டைத் தாண்டவிட்ட பெண்கள் ஒன்பது பேர் வளையல் தட்டோடு ஷெட்டுக்கு வந்தார்கள்.

"என்ன இது?" என்றாள் சந்தனமாரி.

"மதிக்கு" என்றாள் ஒருத்தி. பேட்டரி அந்த நேரம் தொட்டிக்குள் இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது, எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தனமாரிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "அவ கை இருந்தப்ப ஒங்க கண்ணுக்குத் தெரியல, இப்ப வந்துட்டிய. போங்க எல்லாரும்" என்று கத்தினாள். அவர்கள் அழுதார்கள், போகவில்லை. கடைசியில் அவளே நகர்ந்து இடம் விட்டாள். கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக மணலில் செருகிவைத்துவிட்டு, மஞ்சளைத் தொட்டிவிளிம்பில் பூசிவிட்டு, பாட்டுப் பாடாமல் கலைந்துபோனார்கள்.

பத்தொன்பதாம் நாள் எண்பத்தொன்று வந்தது. மறுநாள் பத்து நிமிஷம் போட்டும் எண்பத்தொன்றுதான். அதற்கும் மறுநாளும் எண்பத்தொன்று. பாய் ஒயரை எடுத்துவிட்டார்.

"இதுக்கு மேல ஏறாதுக்கா. இதோட நூறு இப்ப இதுதான்."

"மிச்சம் பத்தொம்பது?"

பாய் மூடியை வைத்து ரப்பர் பேண்டால் கட்டினார்.

மூன்றரை மணி நடையில் பஸ் நிரம்பி வழிந்தது. அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட ஏறியிருந்தார்கள். ஒன்பதாவது நிறுத்தம் தாண்டியதும் பேச்சு நின்றது. இருதயராஜ் தன் காலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார், கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பட்டுச்சேலையில், தலையில் அன்று வைத்த பூ வாடாமல், மங்கிய டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மதி நின்றாள்.

ஏறினாள். முன்சீட்டுக்காரர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். சந்தனமாரி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள், சுள்ளென்று அடித்தது, விடவில்லை. "ஏட்டி, நல்லாருக்கியா? வலிக்குதா? பசிக்குதா?"

மதி ஜன்னல் பக்கம் பார்த்துப் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"மதி, எம்பேரு என்ன?"

மதி வெளியே செம்மண்ணைப் பார்த்தாள், பிறகு திரும்பி, "அக்கா, ஒரே புழுக்கமா இருக்கு" என்றாள். அக்கா என்று தெரிகிறது. காது கேட்கிறது, ஏனென்றால் இருதயராஜ் அடித்த ஹாரனுக்குத் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டுக் கிழவர் ஒருவர் பழக்கதோஷத்தில், "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தார், மதி அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராததுபோல் உட்கார்ந்திருந்தாள். வளையல் கொண்டுவந்த பெண்களில் ஒருத்தி, "நாங்க செஞ்சது தப்பு மதி" என்றாள், மதி உடனே அவள் கையைத் தொட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றாள். "கோவமா?" என்று அவளே கேட்டபோது மதி மறுபடியும் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள்.

பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் புரிந்தது. குருசாமிக்கு இடது வலது, தலைமையாசிரியைக்கு உப்பு, காய்கறிக்காரிக்கு ஏழு. மதிக்குக் கேள்விகள். இனி இந்தத் தடத்தில் யார் என்ன கேட்டாலும் அது அவளைப் போய்ச் சேராது. நல்லதுதான் என்று யாரோ முனகினார்கள், அவள் ஆசைப்பட்டதும் அதுதானே என்று இன்னொருவர் சொன்னார், ஆனாலும் அவளுக்கு அடுத்த சீட்டில் உட்கார யாருக்கும் துணிவில்லை.

சந்தனமாரி உட்கார்ந்தாள். சாப்பிட்டியா என்று வாய்வரை வந்தது, முழுங்கினாள். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட உதவவில்லை. வார்த்தையைத் திருப்பிப்போட அவளுக்கு இரண்டு நிறுத்தம் ஆனது.

"ஒனக்குப் பிடிச்ச சொதி வச்சிருக்கேன்" என்றாள்.

"ம். இஞ்சி நெறையப் போட்டிருப்ப" என்று மதி சிரித்தாள்.

"எனக்கு ஒன்னய ரொம்பத் தேடுச்சு, மதி."

மதி அக்காவின் தோளில் தலையைச் சாய்த்தாள். தோள் முழுக்க மெல்லிய ஷாக் ஓடியது. சந்தனமாரிக்கு அழுகை வந்தது, பயமும் வந்தது, ஏனென்றால் கேட்டே ஆகவேண்டியது ஒன்று அவளிடம் இருந்தது, அதைக் கேட்டு ஒரு பதில் வாங்காமல் இனி அவளால் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூடத் தாண்ட முடியாது. அதை எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் அது கேள்வியாகவே முடிந்தது. கேள்வியின் வாலை ஒடித்து, குரலைத் தாழ்த்தி, சொல்லாக மட்டும் சொன்னாள்.

"இனிமே நீ போமாட்ட."

மதிக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. தலையைத் தோளிலிருந்து எடுக்காமல், பின்னால் சிறுத்துக்கொண்டே போகும் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னது கேள்வி இல்லை, அதனால் அவள் பதில் சொல்லவில்லை.